32 மூலைமட்டங்கள்

ஆங்கில ஆசிரியர்களுக்கான குறுவள மையப் பயிற்சி நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



மொழிபெயர்ப்பும் வகுப்பறையும் என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் பேசிய இருவரும் கதை, கவிதை மொழிபெயர்ப்பைப் பற்றி நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் பேசப்போவது கீல், திருகாணி, கைப்பிடி பற்றி. அதுவும் ஸ்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு. நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நானும் முதலில் சிரித்தேன்.

சென்ற ஆண்டு அரையாண்டு விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தவறி, துணைத்தேர்வில் தேறியவன். அப்போது நான் அவனிடம், “உனக்கு மொழி வராதுப்பா. அப்பாகிட்ட தொழில் இருக்கு, பிழைச்சுக்குவே” என்று சொன்னேன். ஆறுதல் சொன்னதாகத்தான் அன்று நினைத்தேன். இப்போது அவனுக்குச் சொந்தமாகத் தச்சுப் பட்டறை இருக்கிறது. ஆறு பேர் வேலை செய்கிறார்கள்.

வெளிநாட்டுக்கு மரச்சாமான் அனுப்பும் வணிகர் ஒருவர் அவனிடம் எட்டு அலமாரிகள் செய்யச் சொல்லியிருந்தார். அவை ஸ்பெயினில் வலென்சியாப் பகுதிக்குப் போகவேண்டும். மரச்சாமான் தொழிலுக்குப் பேர்போன பகுதி அது. வரைபடம் வந்துவிட்டது, கோடும் எண்ணும் எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்பதால் அதில் சிக்கல் இல்லை. கூடவே ஒரு தாள், முழுக்க ஸ்பானிய மொழியில். எர்ராஹேஸ் என்று தலைப்பு. இரும்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கதவிலும் இழுப்பறையிலும் பொருத்துகிற உலோகச் சாமான்கள் எல்லாம் அதில் அடக்கம். நம் கடைகளில் பிட்டிங்ஸ் என்கிறோமே, அதுதான். அந்தச் சாமான்களை இங்கேயே வாங்கிப் பொருத்தி அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம்.

அவன் செய்ததைத்தான் நாமும் செய்திருப்போம். கைபேசியைத் தாளின் மேல் காட்டினான், ஆங்கிலம் வந்தது, அதை அப்படியே நகரத்து மொத்த வியாபாரிக்கு அனுப்பிப் பணமும் கட்டிவிட்டான். பார்சல் வந்தது. பிரித்தால் 32 மூலைமட்டங்கள். தச்சர் பலகையின் மூலை சரியாக இருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பாரே, அந்தக் கருவி. ஆறு பேர் உள்ள பட்டறைக்கு 32. வியாபாரி திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். கேட்டதைத்தானே அனுப்பினார்!

“எட்டாயிரம் ரூபாய் போச்சு டீச்சர். மீதி லிஸ்ட்ல என்னென்ன தப்பு இருக்கோ தெரியல. நீங்கதானே எனக்கு இங்கிலீஷ் டீச்சர்” என்றான்.

கொரோனா காலத்தில் பொழுதுபோக்காகக் கைபேசியில் ஸ்பானிய மொழி படிக்கத் தொடங்கி, இரண்டு ஆண்டுகள் விடாமல் படித்தேன் என்பது அவனுக்குத் தெரியாது. எனக்குள் சிறு பெருமிதம். ஓர் அரைமணி நேர வேலை என்று நினைத்து உட்காரச் சொன்னேன். மூன்று நாள் ஆனது.

முதலில் அந்த மூலைமட்டத்தைப் பார்ப்போம். ஸ்பானியச் சொல் எஸ்குவாத்ரா. அகராதியில் மூலைமட்டம் என்றுதான் முதலில் இருக்கும். அதோடு போர்வீரர் குழுவுக்கும் அதே சொல். கால்பந்தில் கம்பமும் மேல்சட்டமும் சேரும் மூலைக்கும் அதே சொல். இரண்டு பலகை சேரும் மூலையில் திருகாணி போட்டு இறுக்கும் எல் வடிவ இரும்புத் துண்டுக்கும் அதே சொல். அலமாரிக்கு வேண்டியது இந்தக் கடைசிப் பொருள். எட்டு அலமாரி, ஆளுக்கு நாலு மூலை, 32 துண்டு. கைபேசி சொன்னது தவறில்லை, அகராதியும் தவறில்லை. ஆனால் ஓர் அலமாரிக்கு நாலு மூலைமட்டம் எதற்கு என்று அவற்றால் கேட்கத் தெரியாது. என் மாணவனுக்குக் கேட்கத் தெரிந்திருக்கும். ஆனால் ஆங்கிலத்தில் வந்ததைச் சந்தேகிக்கலாம் என்ற துணிவு அவனுக்கு இல்லை. “இங்கிலீஷ்ல வந்துடுச்சே, சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன் டீச்சர்.” அந்தத் துணிவை எடுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. இதை அன்று அவனிடம் சொல்லவில்லை.

அடுத்த வரி தீராதோர். கைபேசி துப்பாக்கி சுடுபவர் என்று சொல்லியிருந்தது! தீரார் என்ற வினைச்சொல்லுக்கு இழு, எறி, சுடு என்று பல பொருள். அதிலிருந்து பிறந்த தீராதோர் சுடுபவரையும் குறிக்கும், இழுப்பறையின் கைப்பிடியையும் குறிக்கும். அர்ஜென்டினாவில் பன்மையில் சொன்னால் கால்சட்டையைத் தோளில் தாங்கும் வார். மெக்சிகோவில் இதே கைப்பிடி ஹாலதேரா. அங்கே இழு என்பதற்கு ஹாலார் என்பார்கள். இரு ஊர்க்காரரும் இழுப்பது என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள், வினைச்சொல்தான் வேறு. அமெரிக்க ஆங்கிலத்திலும் கைப்பிடிக்கு புல் என்று பெயர் உண்டு. நாம் வினைச்சொல்லாக மட்டுமே சொல்லிக்கொடுக்கிற சொல், அங்கே கடையில் டஜன் கணக்கில் விற்கிற பொருள்.

தாகோ என்று ஒரு வரி. மெக்சிகோ உணவு என்றுதான் உலகத்துக்குத் தெரியும். ஸ்பெயினின் தச்சுப் பட்டறையில் அது சுவரில் துளையிட்டுச் செருகும் பிளக். அலமாரி முன்பக்கம் சாயாமலிருக்க அதைச் செருகி, சுவரோடு சேர்த்துத் திருகாணியால் பூட்ட வேண்டும். மெக்சிகோக்காரர் இந்தப் பிளக்கைத் தாகேதே என்கிறார். பேச்சுவழக்கில் தாகோவுக்குக் கெட்டவார்த்தை என்ற பொருளும் உண்டு என்று அவனிடம் சொன்னேன். பட்டறையில் அந்தப் பொருளுக்கும் பஞ்சமில்லை என்றான்.

யாவே என்ற சொல் ஒரே தாளில் மூன்று இடத்தில் வந்தது. பூட்டு வரியில் அது சாவி. திருகாணி வரியில் அறுகோணக் குழிக்குள் நுழைத்துத் திருப்பும் ஆலன் கீ. அடிக்குறிப்பில் யாவே இங்க்லேசா, சொல்லுக்குச் சொல் ஆங்கிலேயச் சாவி. அது நம் பட்டறைகளில் உள்ள, வாயைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பேனர்தான். ஆங்கிலேயரிடம் போய் ஆங்கிலேயச் சாவி கொடுங்கள் என்றால் திகைத்து நிற்பார். இதற்குப் பழிவாங்கியதுபோல ஆங்கிலத்தில் ஒன்று உண்டு. கைப்பிடியைத் திருப்பினால் கதவின் மேலும் கீழும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்ளும் நீளமான தண்டு ஒன்றை உயரமான கதவுகளில் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் அது எஸ்பஞ்ஞொலெட். பிரெஞ்சு வழியாக வந்த சொல். ஸ்பானியம் என்ற பெயர் அதற்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்பெயின்காரருக்கு அது ஃபயேபா. அரபு மூலம் கொண்ட சொல். 711இல் தொடங்கிப் பல நூற்றாண்டுகள் அந்த நிலத்தில் அரபு மொழி புழங்கியதன் தடம் கதவுகளில்கூட இருக்கிறது. வாசல் கதவைத் தட்டும் வளையத்துக்கு அல்தாபா என்று பெயர். அதன் அரபு மூலம் பல்லி இனத்து விலங்கு ஒன்றின் பெயர் என்று ஸ்பானிய அரச கழகத்தின் அகராதி சொல்கிறது. முற்காலத்தில் அந்த வடிவில் செய்தார்களாம். இந்த வளையம் எங்கள் பட்டியலில் இல்லை. இரவில் அகராதி புரட்டினால் இப்படித்தான் வழி தவறும்.

சாவியைச் சொல்லும்போது ஒன்று. நம் சாவி போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. மேசையும் அலமாரியும் சன்னலும் அப்படியே. போர்த்துகீசியச் சாவியும் ஸ்பானிய யாவேயும் ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். இதைச் சொன்னதும் அவன் தாளை எடுத்து, மேசா, அர்மாரியோ என்று அவனாகவே எழுத்துக்கூட்டிப் படித்தான். அலமாரி செய்து அர்மாரியோ ஊருக்கு அனுப்புகிறோம் என்பது அவனுக்குப் பிடித்துப்போனது.

இதுவரை நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் நிலைமை மாறிவிட்டது.

பட்டியலில் அதிக எண்ணிக்கை கீல்தான். எட்டு அலமாரி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு, கதவுக்கு நாலு கீல், ஆக 64. ஸ்பானியத்தில் எழுதியிருந்தது பிசாக்ரா தெ கஸோலேத்தா சூப்பரகோதாதா, 35 மில்லிமீட்டர். பிசாக்ரா என்றால் கீல். கஸோலேத்தா என்றால் சின்னச் சட்டி. கடைசிச் சொல்லைக் கைபேசி தொடாமலேயே விட்டுவிட்டது. நான் பிரித்துப் பார்த்தேன். கோதோ என்றால் முழங்கை. ஆக, மிகவும் முழங்கையாக்கப்பட்ட சட்டிக் கீல். இலக்கணப்படி நூற்றுக்கு நூறு சரி! ஆங்கிலத்திலும் அப்படியே எழுதிவிட்டு அவனிடம் காட்டினேன். எந்தக் கடைக்காரருக்கும் விளங்காது என்பது எனக்கே தெரிந்தது.

அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். “சட்டின்னா இந்தக் குழிதானே டீச்சர்? கதவுல 35ல குழி தோண்டி உட்கார வைப்போம். வெளியில தெரியாது. நாங்க ஆட்டோ ஹிஞ்ச்னு சொல்லுவோம்” என்றான். பிறகு இடது கையை நீட்டி, முழங்கையை மெல்ல மடக்கினான். “இது ஜீரோ கிராங்க். இது எட்டு. இது பதினாறு. மிகவும் முழங்கைன்னா பதினாறு கிராங்க்தான் டீச்சர்.”

கிராங்க் என்றால் எனக்குத் தெரிந்தது வண்டியை முடுக்கும் வளைந்த கம்பி. அவன் விளக்கினான். கதவு, அலமாரியின் பக்கப்பலகையை முழுதாக மூடி வெளியே நின்றால் கீலின் கை நேராக இருக்கும். நடுப்பலகை ஒன்றை இரண்டு கதவுகள் பங்குபோட்டு ஆளுக்குப் பாதி மூடினால் கை கொஞ்சம் வளையும். கதவு பலகைகளுக்கு உள்ளே போய்ச் சட்டத்தோடு சமமாக உட்கார்ந்தால் கை நன்றாக வளைய வேண்டும். ஸ்பானியர் இவற்றுக்கு ரெக்தா, அகோதாதா, சூப்பரகோதாதா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நேரானது, முழங்கை மடங்கியது, இன்னும் மடங்கியது. ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் கீலைப் பார்க்காமல் கதவைப் பார்த்திருக்கிறார். முழுதும் மூடுவது, பாதி மூடுவது, உள்ளே உட்காருவது என்ற பொருளில் ஃபுல் ஓவர்லே, ஹாஃப் ஓவர்லே, இன்செட் என்கிறார். நம் கடையில் வளைவுக்கு எண் கொடுத்துவிட்டோம். ஒரே பொருளுக்கு மூன்று பேர் மூன்று பக்கத்திலிருந்து பெயர் வைத்திருக்கிறார்கள். குழாய் வளைந்தால் நாமும் எல்போ என்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் வரைபடத்தை விரித்துக் கதவு உள்ளே உட்கார்ந்திருப்பதைக் காட்டினான். எனக்கு அந்தக் கோடுகளைப் படிக்கத் தெரியவில்லை. ஸ்பானியச் சொல் எனக்குத் தெரியும். பொருள் அவனுக்குத் தெரியும். நேரான கீலை 64 வாங்கியிருந்தால் ஒரு கதவுகூட மூடியிருக்காது.

அடுத்து எக்ஸென்த்ரிகா. எக்சென்ட்ரிக் என்ற ஆங்கிலச் சொல்லை இருபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கிறேன். கிறுக்குத்தனமான, விநோதமான என்று பொருள் எழுதிப் போடுவேன். தாளில் அது ஓர் இரும்புச் சாமான். அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன வட்டத் துண்டை எடுத்தான். “மினிஃபிக்ஸ் டீச்சர். இதோட நடு, நடுவுல இருக்காது.” மையம் விலகிய துண்டு. திருப்புளியால் அரைச் சுற்றுச் சுற்றினால், மையம் விலகியிருப்பதால் எதிர்ப்பலகையின் திருகாணித் தலையைத் தன் பக்கம் இழுத்து இறுக்கிக்கொள்ளும். எக்சென்ட்ரிக் என்ற சொல்லின் கிரேக்க வேரே மையத்துக்கு வெளியே என்பதுதான். மனிதரைக் குறிக்கும் பொருள் பிறகு வந்தது. இருபது ஆண்டுகள் கழித்து அந்தச் சொல்லைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். ஆங்கிலப் பட்டியலில் அதைக் கேம் லாக் என்று எழுதினோம். அவன் வியாபாரிக்கு மினிஃபிக்ஸ் என்றால்தான் புரியும் என்பதால் பக்கத்தில் அதையும் சேர்த்தோம்.

இங்கேதான் எனக்குப் பெரிய குழப்பம் வந்தது. எந்த ஆங்கிலம்? இழுப்பறை ஓடுகிற தடத்துக்கு ஸ்பானியத்தில் கீயா. வழிகாட்டி என்று பொருள். கைபேசியும் கைடு என்று போட, வியாபாரி ஏதோ கையேடு என்று நினைத்து அந்த வரியை விட்டுவிட்டார். பிரிட்டனில் இதை ரன்னர் என்பார்கள், அமெரிக்காவில் ஸ்லைடு. நம் ஊரில் சேனல். கூடவே எக்ஸ்த்ராக்ஸியோன் தோதால் என்று ஒரு குறிப்பு. இழுப்பறை முழுவதும் வெளியே வரவேண்டும் என்பதுதான் பொருள். சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் பல் மருத்துவமனை நினைவு வருகிறது. ஃபுல் எக்ஸ்டென்ஷன் என்பதே கடைமொழி.

“இதுல எது கரெக்ட் இங்கிலீஷ் டீச்சர்?” என்று கேட்டான். வகுப்பில் கேட்டிருந்தால் பாடநூலில் உள்ளதைச் சொல்லியிருப்பேன். அன்று இரண்டு பத்திகள் போட்டோம். ஒன்று நம் வியாபாரிக்கு. அதில் சேனல், ஆட்டோ ஹிஞ்ச், 16 கிராங்க். மற்றொன்று வலென்சியாவுக்குத் திருப்பி அனுப்பி, இதைத்தானே கேட்டீர்கள் என்று உறுதிசெய்துகொள்ள. அதில் ரன்னர், கன்சீல்டு ஹிஞ்ச், இன்செட். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அவன் பென்சிலால் சின்னப் படம் வரைந்தான். மூன்று நாளில் செய்த மிக நல்ல மொழிபெயர்ப்பு அந்தப் படங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேலை முடிந்தபின் சொற்களை வைத்து விளையாடினோம். குமிழ்க் கைப்பிடிக்கு ஸ்பெயினில் போமோ. பழம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. லத்தீன் அமெரிக்காவில் அதே குமிழ் பெரீயா, சின்னப் பேரிக்காய். நாற்காலியின் காலுக்கு மனிதக் காலின் பெயரை வைக்கமாட்டார்கள். விலங்கின் காலைக் குறிக்கும் பாத்தா என்ற சொல்தான். சாவித்துளையைச் சுற்றிப் பதிக்கும் தகட்டுக்கு போகாயாவே, சாவி வாய். ஆங்கிலத்தில் அதற்கு எஸ்கச்சன், கேடயம் என்று பொருள். பலகையில் விசிறிபோல் வெட்டிக் கோக்கும் இணைப்பை ஆங்கிலத்தில் புறாவின் வால் என்கிறார்கள். ஸ்பெயின்காரருக்கு அது பருந்தின் வால், பிரெஞ்சுக்காரருக்குத் தூக்கணங்குருவி வாலோ என்று கேட்டான். குருவிதான், ஆனால் தகைவிலான் என்றேன்.

எனக்கு மிகவும் பிடித்தது திருப்புளி. ஆங்கிலேயர் ஸ்குரூவை உள்ளே செலுத்துவது என்று பெயர் வைத்தார். ஸ்பெயினில் அது தெஸ்தோர்னியதோர், திருகாணியைக் கழற்றுவது. மெக்சிகோவில் தெஸார்மதோர், பிரித்துப் போடுவது. நாம் திருப்பு உளி என்றோம். உள்ளேயா வெளியேயா என்ற வழக்குக்கே நாம் போகவில்லை.

பிறகு ஒருநாள் அவனை ஒன்பதாம் வகுப்புக்கு அழைத்தேன். பையில் இருபது சாமான்கள் கொண்டுவந்தான். இருவருக்கு ஒரு சாமான். பெயர் தெரியவேண்டாம், அது என்ன செய்கிறது என்று ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் எழுதுங்கள் என்றேன். பிழைகள் ஏராளம். ஆனால் யாரும் பக்கத்து நோட்டைப் பார்க்கவில்லை. ஒரு மாணவி, சாவித்துளைத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இது சின்ன வாய், சாவி இதற்குள் போகும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். ஸ்பானியத்தில் அதன் பெயரே அதுதான் என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. கரும்பலகையில் எழுதிக் காட்டினேன்.

பள்ளியில் மூத்த ஆசிரியர் ஒருவர், “இதெல்லாம் தேர்வுக்கு வருமா?” என்று கேட்டார். வராது. இரண்டு பாடவேளை போனது. அதை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை வரவேண்டியிருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும்.

அலமாரிகள் போய்ச் சேர்ந்தன; கதவுகள் மூடுகின்றன என்று தகவல் வந்தது. 32 மூலைமட்டங்களில் ஆறு பட்டறையில் இருக்கின்றன. பத்தை எங்கள் கணித ஆசிரியர் செங்கோண முக்கோணம் நடத்த வாங்கிக்கொண்டார். மீதியை அவன் இன்னும் விற்க முயன்றுகொண்டிருக்கிறான். உங்களில் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், விலை குறைத்துத் தருவான்.

அந்தப் பையை இன்று கொண்டுவந்திருக்கிறேன். முன்வரிசையிலிருந்து கைமாற்றிக்கொண்டே போங்கள். கீலைத் திறக்கும்போது விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.